தாத்தாவின் துப்பாக்கி

தாத்தா காலமான பிறகு இடையஞ்சாவடி வீட்டை ஒழுங்குபடுத்தினோம். பரணில், பழைய வேட்டியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி. கடற்கரை உப்புக் காற்றில் குழலெல்லாம் துரு, கட்டையில் விரிசல்.

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்ணே" என்று தம்பி கை நீட்டினான். "தொடாதே, உள்ளே தோட்டா இருக்கலாம்" என்றேன்.

"அப்பா ஞாபகமா இருக்கட்டுமேடா" என்றார் அம்மா.

லைசென்ஸ் தாத்தா பெயரில். வாரிசே ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, ஒப்படைத்து, ரசீது வாங்கினோம். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கலாம். வாரிசு என்ற முறையில் கலெக்டரிடம் லைசென்ஸுக்கு மனு கொடுக்கலாம்.

பழுது பார்ப்பதும் அதற்கென லைசென்ஸ் உள்ளவர் வேலைதான். துரு அரித்த குழல், சுடும்போது சுடுபவர் கையிலேயே வெடிக்கும். மேலே பளபளப்பாக இருப்பதை நம்ப முடியாது.

வேட்டைக்கும் இனி வேலையில்லை. பக்கத்துக் கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கிறதா? எண்ணெயைத் தேடாதீர்கள்; முதலில் ரசீதுக்கு வழி பாருங்கள்.

அம்மா அந்த வேட்டியைத் துவைத்து, மடித்து வைத்திருக்கிறார். அதற்கு லைசென்ஸ் வேண்டாம்!