கண்ணால் நிறுக்கிற உடம்பு

கலியாண வீடோ, கோயில் திருவிழாவோ, கனகாலத்துக்குப் பிறகு சந்திக்கிற ஆக்கள் சுகம் கேட்க முதலே உடம்பைத்தான் பார்ப்பார்கள். "என்ன, வண்டி வைச்சிட்டுது?" "ஐயோ மெலிஞ்சு போனாய், சாப்பிடுறேல்லையோ?" பெடியனுக்கு இது பகிடியோடு முடிந்துவிடும். பெட்டைக்கு அது கலியாணப் பேச்சு வரைக்கும் நீளும். திருப்பிக் கேட்டால், "உன்ர நன்மைக்குத்தானே சொல்லுறம், பிறகு பிரஷர், ஹார்ட் எண்டு வந்திடும்" என்பார்கள். ஆனால் இளவயது உடல் எடையையும் இதய நோயையும் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டது இந்தப் பேச்சோடு ஒத்துப்போகவில்லை.

1985–86இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபோலிஸ், ஓக்லாந்து ஆகிய நகரங்களில் ‘கார்டியா’ என்ற ஆய்வு தொடங்கியது. 18 முதல் 30 வயது வரையான 5,115 பேர், கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவருமாக, அதில் சேர்ந்தார்கள். நோய் வந்தவர்களைத் தேடாமல், வர முந்தியே ஆக்களைச் சேர்த்ததுதான் இதன் சிறப்பு. சில வருடங்களுக்கு ஒருக்கா எடை, இடுப்பு, குருதி அழுத்தம், கொலஸ்ட்ரோல், சீனி எல்லாவற்றையும் அளந்து, பல தசாப்தங்களாக அவர்களைப் பின்தொடர்ந்தார்கள்.

முதல் 15 வருட அளவுகளை வைத்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. எடையைக் கூடவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு அழுத்தம், கொழுப்பு, சீனி எதுவும் பெரிதாக மாறவில்லை. தொடக்கத்திலேயே பருமனாக இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. எடை கூடிக்கொண்டே போனவர்களுக்கோ, தொடக்கத்தில் மெலிவாக இருந்தாலும், எல்லாம் படிப்படியாக மோசமானது. அப்படியெண்டால் ‘நீ குண்டோ, மெலிவோ’ என்பதைவிட, 20க்கும் 35க்கும் இடையில் உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒருநாள் பார்த்துவிட்டுப் போகிற கண்ணுக்கு அது தெரியாது.

எங்கட தெற்காசிய உடம்பில் கண் இன்னும் கூடப் பிழைக்கும். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கட படத்தையே போட்டார்கள். ஒருவர் பூனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்கள் 25 வரை காத்திராமல் 23இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்றது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆகவே "மெலிஞ்ச ஆளுக்கு ஒண்டும் வராது" என்ற ஆறுதலும் பொய்.

இன்னொன்றும் உண்டு. கார்டியாவில் இருந்த கறுப்பினத்தவர்கள் வசித்த இடங்களை 25 வருடங்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இனரீதியாக ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளிலிருந்து ஒதுக்கல் குறைந்த இடங்களுக்குப் போனவர்களின் குருதி அழுத்தம் குறைந்திருந்தது. ஆள் அதே ஆள்தான், மாறியது இடம். இஞ்சையும் அப்படித்தான் யோசிக்க வேணும். அடுப்பு வைக்க விடாத போர்டிங் அறையில் இருந்துகொண்டு, இரவு வேலை முடிய கொத்தும் ரோல்ஸும்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கிற பிள்ளைக்கு "வாயைக் கட்டு" என்று சொல்வது எவ்வளவு லேசு! பின்னேரம் ஒரு பெட்டை தனிய நடக்கப் போனால் நாலு கதை வருகிற ஊரில், "எக்சசைஸ் செய்யன்" என்பதும் அதே மாதிரித்தான்.

சரி, அப்ப உடம்பைப் பற்றிக் கதைக்கவே கூடாதோ? அதுவும் ஆபத்து. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதமானோரின் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் ஏற்கெனவே இருந்தது. "இளம் பிள்ளைதானே" என்ற நினைப்பு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கட நாட்டின் இலவசப் பரிசோதனைத் திட்டம் இன்னும் முதன்மையாக 35 வயது தாண்டியவர்களைத்தான் பார்க்கிறது.

எனக்கு வேண்டியது பேச்சுக்குப் பதில் அளவு. கம்பஸிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வருடத்துக்கு ஒருக்கா பிரஷர், சீனி, இடுப்பு அளவு பார்க்கச் சொல்லிக் கேட்போம். தையல்காரரின் நாடாவே போதும்: தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 தாண்டினால் வைத்தியரிடம் ஒருக்கா கதைக்கலாம். அந்த இலக்கம் உங்களுக்கும் வைத்தியருக்கும் இடையில் இருக்கட்டும். கலியாண வீட்டில் சந்திக்கிற ஆக்களுக்கு, "சுகமா இருக்கிறியோ?" எண்டு கேட்கிறதோட வேலை முடிஞ்சுது.