கிளீன் பண்ணுகிறேன் பேர்வழி என்று...

பி.எச்.பி.யில் செய்த கல்லூரி ப்ராஜெக்ட் எதைத் திறந்தாலும் உள்ளே 'கிளீன்' என்று ஒரு ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கும். சீனியர் ஜூனியருக்குக் கொடுத்தது, அவர் அடுத்த வருஷத்துக்குக் கொடுத்தது. மூன்றே வரி. ட்ரிம், ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ், எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ். ஃபார்மில் வருவதை எல்லாம் இதற்குள் போட்டு எடுத்து, அப்படியே க்வெரியில் ஒட்டிவிடுவார்கள். வைவாவில் "செக்யூரிட்டிக்கு என்னப்பா செஞ்சிருக்க?" என்று கேட்டால், "இன்புட்டை சானிடைஸ் பண்ணியிருக்கேன் சார்" என்று பதில் வரும். சாரும் தலையாட்டி மார்க் போட்டுவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றில் ஒன்றுகூட எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷனைத் தடுக்க எழுதப்பட்டதில்லை!

ட்ரிம் ஓரத்து ஸ்பேஸை வெட்டும். எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் பிரவுசரில் காட்டும்போது பயன்படுவது. பி.எச்.பி. 8.1 வெளிவந்த 2021 வரை, கூடுதலாக எதுவும் சொல்லாமல் அதைக் கூப்பிட்டால் ஒற்றை மேற்கோளைத் தொடவே தொடாது. க்வெரியை உடைப்பதே அந்த ஒற்றை மேற்கோள்தான். ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் 'மேஜிக் கோட்ஸ்' என்று ஒன்று இருந்தது. ஃபார்மில் வரும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் கேட்காமலேயே ஒரு பின்சாய்வுக்கோடு போட்டுவிடும். ஓ'பிரையன் என்று பெயர் கொடுத்தவர் ஓ\'பிரையன் ஆவார், திருத்தி மறுபடி சேமித்தால் ஓ\\\'பிரையன் ஆவார். அதை அகற்றத்தான் ஸ்ட்ரிப்ஸ்லாஷஸைப் போட்டார்கள். 2009-ல் 5.3 பதிப்பில் மேஜிக் கோட்ஸ் வேண்டாம் என்றார்கள், 2012-ல் 5.4-ல் தூக்கியே விட்டார்கள். நோய் போய்விட்டது, மாத்திரை மட்டும் இன்னும் ஓடுகிறது. இப்போது அது விண்டோஸ் ஃபோல்டர் பாதையில் பயனர் தட்டிய நிஜமான பின்சாய்வுக்கோட்டைத் தின்கிறது. (வேர்ட்பிரஸ் இன்றைக்கும் தானே அந்தக் கோட்டைப் போடுகிறது, அங்கே எடுக்கத்தான் வேண்டும். அது தனிக் கூத்து.)

"சரி, ஆட்ஸ்லாஷஸ் போட்டால் போதுமே?" என்பார்கள். எண் வரும் இடத்தில் க்வெரியில் மேற்கோளே இருக்காது. ஐ.டி. என்று கேட்கும் பெட்டியில் ஒருவன் '1 ஆர் 1=1' என்று தட்டினால், அதில் ஆட்ஸ்லாஷஸ் தொடுவதற்கு என்ன இருக்கிறது? டேபிள் முழுக்க வெளியே வந்துவிடும்.

இதற்கு மருந்து பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து க்வெரியைத் தனியாகவும், மதிப்பைத் தனியாகவும் கொடுப்பது. பயனர் எதைத் தட்டினாலும் அது கட்டளையாக மாறாது. பி.டி.ஓ. 2005-ல் 5.1 பதிப்போடே வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் புள்ளி வைத்து ஒட்டிக்கொண்டிருப்பதற்கு சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பாதுகாப்பு இல்லாததோடு போனால் பரவாயில்லை. கொடுத்ததைச் சிதைப்பதுதான் பெரிய அநியாயம். டேட்டாபேஸில் நுழையும்போதே '&' குறியை எச்.டி.எம்.எல். குறியீடாக மாற்றிவிட்டால், அதே பெயர் பி.டி.எஃப். சான்றிதழிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் அசிங்கமாகப் போய் நிற்கும். ஸ்ட்ரிப்டேக்ஸ் போட்டால் 'வயது<18 என்றால்' என்று எழுதியவருக்கு மிஞ்சுவது 'வயது' மட்டும். பாஸ்வேர்டுக்கும் இதே கத்திதான்: 'அ'வில் தொடங்கி நடுவில் '<' வைத்து இருபது எழுத்து தட்டியவரின் பாஸ்வேர்டு, அவருக்கே தெரியாமல் நாலு எழுத்தாகிவிடலாம்.

தமிழ்ப் பெயர்களின் கதி இதைவிடப் பரிதாபம். 'ஏ முதல் இசட் வரை மட்டும்' என்று ரெகெக்ஸ் எழுதினால் பெயர் முழுக்கக் காலி. கொஞ்சம் விவரமானவர் யூனிகோடில் 'எழுத்து மட்டும்' என்று எழுதுவார். யூனிகோடு கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் எழுத்து வகையில் சேராது, அவை 'மார்க்' வகை. ஆக முருகன் 'மரகன' ஆகிவிடுவார். எரர் எதுவும் வராது. ஹால் டிக்கெட் அச்சாகி வரும்போதுதான் முருகனுக்கே தெரியும். பிடிக்காத எழுத்து வந்தால் "இது வேண்டாம், மாற்றித் தாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது மரியாதை. வாங்கிக்கொண்டு ரகசியமாக வெட்டுவது என்ன நியாயம்?

அப்படியானால் எதையுமே மாற்றக்கூடாதா? மாற்றலாம், அர்த்தம் கெடாத வரை. போன் நம்பரின் நடுவில் இருக்கும் ஸ்பேஸை எடுக்கலாம். 15-08-1990 என்று வந்த தேதியை மை எஸ்.க்யூ.எல்.லுக்காக 1990-08-15 ஆக்கலாம். தமிழுக்கு அவசியமான ஒன்றும் இருக்கிறது: 'கொ' எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. ஒருவர் 'கொடி' என்று சேமித்ததை இன்னொருவர் தேடினால் கிடைக்காமல் போகலாம். பி.எச்.பி.யின் நார்மலைசர் கிளாஸ் ஒரே வரியில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அந்த வரியை 'கிளீன்' ஃபங்ஷன்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.