பாட்டியின் மரகத மோதிரமும் பெண்மக்களின் பங்கும்



திருவண்ணாமலையிலும் ஆரணி, வந்தவாசி, செய்யாறு போன்ற சுற்றுவட்ட ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில், தலைமுறை கடந்து வந்த நகை ஒன்று பீரோவில் பத்திரமாக இருக்கும். நடுவே மரகதமும் சுற்றிலும் சிறு வைரங்களும் பதித்த பொன்மோதிரம் அத்தகையது. அதை அணிந்திருந்த தாய் மௌத்தானதும் அது யாரைச் சேர்கிறது? வீடும் நிலமும் பாகம் பிரிக்கப்படும்போது, மோதிரம் மட்டும் "பரம்பரைச் சொத்து, மூத்த மருமகளுக்கு உரியது" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது.

இந்த வழக்கத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை. பெற்றோர் விட்டுச்சென்றது குறைவாயினும் நிறைவாயினும் அதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தெளிவாக விதிக்கிறது. விரலில் அடங்கும் பொருள் என்பதற்காக மோதிரத்திற்கு விலக்கு ஏதும் இல்லை. தங்கம் அணிவது ஆண்களுக்குத் தடுக்கப்பட்டிருக்க, மூத்த மகனின் பெயரால் எடுக்கப்படும் மோதிரம் வாரிசே அல்லாத மருமகளின் விரலை அடைகிறது. வாரிசான மகளோ வெறுங்கையுடன் புகுந்த வீடு திரும்புகிறாள்.

இதை ஒத்த வரலாறு ஒன்று நம் மண்ணோடு தொடர்புடையது. 18ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலை ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதியில் இருந்தது. நவாப் முகம்மது அலி வாலாஜா 1777இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்களைப் பரிசளித்தார். அவற்றுள் இரண்டு பெரிய கற்கள் பின்னர் "ஆற்காட்டு வைரங்கள்" எனப் பெயர்பெற்றன. 1818இல் மறைந்த அரசி, நவாப் தந்த நகைகளை விற்று அத்தொகையைத் தம் மகள்களில் நால்வருக்குப் பகிர்ந்தளிக்குமாறு உயில் எழுதியிருந்தார். மூத்த மகன் நான்காம் ஜார்ஜ் அவ்விருப்பத்தைப் புறக்கணித்து, வைரங்களைத் தம்முடையனவாகவே வைத்துக்கொண்டார். அவர் 1830இல் இறந்த பின்னரே அவை விற்பனைக்கு வந்தன. அரண்மனையில் நடந்தது நம் கூடத்திலும் நடக்கிறது. கல்லின் அளவு மட்டுமே வேறு.

கணக்கு கடினமானதன்று. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றைத் தாண்டாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதே வாரிசுகளுக்குரியது. தாய் ஒருவர் ஒரு மகனையும் இரு மகள்களையும் மட்டும் வாரிசுகளாக விட்டுச்சென்றதாகக் கொள்வோம். மோதிரத்தின் மதிப்பு 3,00,000 ரூபாய் எனில், மகனுக்கு 1,50,000. மகள்கள் ஒவ்வொருவருக்கும் 75,000. இதற்காக மோதிரத்தை விற்க வேண்டும் என்பதில்லை. அதை விரும்பும் வாரிசு தம் பங்கைக் கழித்துக்கொண்டு, மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். பாட்டியின் நினைவும் காக்கப்படும், ஹக்கும் நிறைவேறும்.

ஆனால் மதிப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும். பழைய நகையை விற்கச் சென்றால், கடைக்காரர் பொதுவாகக் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்திற்கு மட்டுமே விலை சொல்வார். அந்தத் தொகையை வைத்துப் பங்கு பிரித்தால், மரகதமும் வைரமும் மோதிரத்தை எடுத்துக்கொள்பவருக்கு இலவசமாகிவிடும். கற்களைத் தனியே இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் மதிப்பிடச் செய்வதே முறை. மரகதத்தில் இயல்பாகவே நுண்ணிய விரிசல்கள் இருக்கும். சூட்டாலும் முரட்டுக் கையாளலாலும் அது உடையக்கூடும் என்பதால், மதிப்பறியும் முன் கல்லைப் பெயர்ப்பதும் மோதிரத்தை உருக்குவதும் கூடாது.

"எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று தங்கை சொல்லிவிட்டாளே என்போர் உண்டு. தன் பங்கு எவ்வளவு என்று அறிந்து, அது தன் கைக்கு வரும் நிலையில் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. கேட்டால் பிறந்தகத்து வாசல் அடைபடுமோ என்ற அச்சத்தில் சொன்ன சொல்லை மனப்பொருத்தம் என்று எப்படிக் கொள்வது? மனம் ஒப்பாமல் பிறர் பொருள் எவருக்கும் ஹலாலாகாது.

தாய்மார்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இது இவளுக்கு" என்று வாய்மொழியாகச் சொல்லிவைப்பது, அவள் வாரிசாக இருந்தால், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது. கொடுக்க விரும்பினால் நலமாக இருக்கும்போதே ஹிபாவாகக் கையில் ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கிடையே நீதம் பேணுங்கள். ஒருவருக்கு மோதிரம் என்றால் மற்றவருக்கும் ஈடாக ஒன்று கொடுங்கள்.

பாகம் பிரிக்கும் நாளில் ஆலிம் ஒருவரை அழையுங்கள். பத்திரங்களோடு நகைப்பெட்டியையும் அவர் முன் திறந்து வையுங்கள். சகோதரியின் பங்கைக் கொடுத்துவிட்டு அணியும் மோதிரத்தில்தான் பரக்கத் இருக்கும். உரியவர்க்கு உரியதைக் கொடுக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.