ஆராயாமல் தீர்ப்பளிக்கலாமா?

மதுரையில் பாண்டிய மன்னன் பொற்கொல்லனின் சொல்லை நம்பினான். சிலம்பினுள் இருப்பது என்னவென்று பார்க்கத் தவறினான். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவையோ மாணிக்கப் பரல்கள். இவ்வுண்மை சபையில் தெறித்து விழுந்தபோது கோவலனின் உயிர் போய்விட்டிருந்தது. பிழையை உணர்ந்த மன்னனும் அரியணையிலேயே உயிர் நீத்தான்.

ஆராயுமுன் தீர்ப்பளிக்கும் வழக்கம் இன்றைய பொதுவாழ்விலும் குறைந்தபாடில்லை. ஆலயங்களைப் பற்றிய விவாதங்களே இதற்குச் சான்று. 2025 மார்ச் மாதம், கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியிலுள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் நிலம் குறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. "சட்டவிரோதக் கோயில்" என்ற சொல் பலர் வாயில் புழங்கியது. அவ்வாலயத்தின் வரலாறு 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதையும், மாநகர் மன்றம் அந்நிலத்தைத் தனியாருக்கு விற்றது 2014ஆம் ஆண்டில்தான் என்பதையும் அறிந்து பேசியோர் சிலரே. முடிவில், சுமார் 50 மீட்டர் தொலைவிலுள்ள இடத்திற்கு ஆலயம் மாறுவதென உடன்பாடு காணப்பட்டது. அவ்வுடன்பாட்டைத் தந்தது பேச்சுவார்த்தையேயன்றி வசைமொழிகள் அல்ல.

தோட்டப்புற ஆலயங்களின் நிலையும் இதுவே. பால்மரக் காட்டில் உழைத்தவர்கள், தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியோடு மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எழுப்பினர். நிலப்பட்டா முழுவதும் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. பிற்காலத்தில் தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டம் வந்தபோது, முன்னரே இருந்த கோயில் அத்துமீறிக் கட்டப்பட்டதாகப் பெயர் பெற்றது. நேற்று வந்த கோயில் என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை அறியார்.

ஆயினும் தவறான அனுமானம் ஒரு தரப்புக்கு மட்டுமே உரியதன்று. "நூறாண்டுக் கோயில், எவராலும் அசைக்க முடியாது" என்று நம்பியிருக்கும் நிர்வாகங்களும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், நீண்டகால அனுபோகத்தை மட்டும் கொண்டு எவருக்கும் நில உரிமை வழங்குவதில்லை. பட்டாவில் பதிவான பெயருக்கே அது முதன்மை தருகிறது. சங்கங்களின் பதிவிலாகாவில் ஆலயத்தைப் பதிவு செய்துவிட்டால் நிலமும் பாதுகாக்கப்பட்டுவிடும் என்பது மற்றொரு தவறான எண்ணம். சங்கப் பதிவு வேறு, நில உரிமை வேறு. கும்பாபிஷேகத்திற்கு நன்கொடை திரட்டக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் நில அலுவலகத்தில் ஆவணத்தைத் தேடுவதற்கும் காட்டியிருந்தால், பல ஆலயங்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே, பழிப்பவர்கள் வரலாற்றைப் படித்துப் பேசட்டும். காப்பவர்கள் பட்டாவைப் பார்த்துச் செயலாற்றட்டும். பழைய நிழற்படங்கள், தோட்ட நிர்வாகத்தின் கடிதங்கள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றை ஒவ்வொரு ஆலயமும் இத்திருவிழாக் காலத்திலேயே தொகுக்கத் தொடங்குவது நன்று. முதியோர் கூடும் வேளை இதுவே. அடுத்த திருவிழாவிற்கு அவர்களுள் எத்தனை பேர் வருவார்கள் என்பதை யாரறிவார்?

மாணிக்கப் பரல் கையிலிருந்தும், அதைக் காலத்தில் எடுத்துக் காட்டாவிட்டால் பயனில்லை. அன்னை பராசக்தி அனைவருக்கும் தெளிந்த அறிவை அருள்வாளாக!