பழவேற்காட்டின் பெயரும் பாடும்



ஆங்கில அகராதியில் நம் ஊரின் பெயர் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? பழவேற்காடு ஐரோப்பியர் நாவில் 'புலிகாட்' ஆனது. இங்கிருந்து கப்பலேறிய வண்ணக் கைக்குட்டைகளைப் 'புலிகாட் கைக்குட்டை' என்றார்கள். துணிக்கு அடைமொழியாக நின்ற ஊர்ப்பெயர், நாளடைவில் துணியின் பெயராகவே ஆகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்களும் அதைப்போல் நெய்து, 'புலிகேட்' என்ற பெயரிலேயே விற்றார்கள். நம் ஊரைக் கண்ணால் காணாதவர்களும் அதன் பெயரைச் சொன்னார்கள்.

பெருமைதான். ஆனால் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. அதே நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் நிர்க்கதியான மக்கள் இதே துறையிலிருந்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். துணி அகராதியில் இடம்பிடித்தது. அந்த மனிதர்களை எந்த அகராதியும் நினைவில் வைக்கவில்லை.

இன்று நம் அருகே காட்டுப்பள்ளி. 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அந்தத் துறைமுகத்தை, சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. வேலை பெருகும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். கடலரிப்பு கூடும், ஏரி கெடும் என்று அஞ்சுகிறார்கள் மீனவர்கள்.

இந்த ஏரி மீனவர்களிடம் வேறொரு சொல் இருக்கிறது: பாடு. வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. அதில் பங்கு கிடைக்காதவர்களின் மனக்குறையும் உண்டு. ஆயினும் பகிர்வே அதன் அடிப்படை. ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர்களும் அதைப் 'பாடு' என்றே குறிப்பிடுகிறார்கள்.

பாடு என்றால் உழைப்பு, துன்பமும்கூட. தவக்காலந்தோறும் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் நமக்கு அது புதிய சொல்லா?

விற்ற துணியால் ஒரு சொல்லை உலகுக்குத் தந்தோம். பகிர்ந்து வாழும் வாழ்வால் இன்னொன்றைத் தந்திருக்கிறோம். கருத்துக்கேட்பு மீண்டும் எப்போது நடந்தாலும், ஏரியில் பாடுபடுகிறவர்களின் குரல் முதலில் கேட்கப்பட வேண்டும். அன்று அவர்கள் அருகில் போய் நாமும் அமர வேண்டாமா?