மெல்லச் செல்பவர்

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு செல்லும் சாலையில் வாகனம் ஓட்டப் பழகும் இளைஞர்கள் பேறு பெற்றவர்கள். அத்தலத்துச் சனிபகவானின் திருநாமத்திலேயே அவர்களுக்குரிய முதற்பாடம் அமைந்திருக்கிறது. 'சனைச்சரன்' என்னும் வடசொல்லுக்கு 'மெல்லச் செல்பவன்' என்று பொருள். ஓர் இராசியைக் கடக்க அவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்.

விரைந்து ஓட்டுதல் எவர்க்கும் எளிது. கிளட்சைப் பாதி விட்டு, நடப்பவரின் வேகத்தில் வண்டியை நகர்த்துவதே அரிது. இருசக்கர வாகனத் தேர்வில் கால் ஊன்றாமல் 'எட்டு' போடும்போதும் வேகம் உதவுவதில்லை; நிதானமே உதவுகிறது. பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே தேர்வுக்குச் செல்ல இயலும். அந்தக் காத்திருப்பையும் ஒரு விரதமாகவே கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் நளதீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேசுவரர் ஆலயம் நோக்கி நடந்து வரும் அடியார் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் முதியோர் உளர். கைக்குழந்தை ஏந்திய தாயரும் உளர். ஹாரன் ஒலித்து அவர்களைச் சிதறச் செய்துவிட்டு, யாரைத் தரிசிக்கச் செல்கிறோம்?

புதிய வண்டிக்குப் பூசையிட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சங்கனி வைக்கும் பெற்றோரே, சாவியைக் கொடுக்கும்போது பிள்ளையின் செவியில் இதையும் சொல்லுங்கள்: "மெல்லச் செல்."