மாமியார், குழந்தை, படகு

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "கோடை விடுமுறை வந்துவிட்டது. குழந்தைகள் இரண்டும் 'படகு, படகு' என்று பிடுங்கி எடுக்கின்றன. பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 4. மாமியாருக்கு 68. எங்கள் வீட்டுக்காரருக்கு நாலு நாள்தான் லீவு. எல்லோரையும் அழைத்துக்கொண்டு எங்கே போகலாம்?"

கேட்டாரே ஒரு கேள்வி! 11 வயதுப் பையனுக்கும் 68 வயதுப் பாட்டிக்கும் ஒரே படகு சரிப்படுமா? ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைப் பார்க்க வேண்டும்.

நாலு நாள் லீவையும் ரெயிலில் கழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு முட்டுக்காடு இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர். காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதிக ஆழமில்லாத உப்பங்கழி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் 1984-ல் அங்கே படகுக் குழாம் ஆரம்பித்தார்கள். துடுப்புப் படகு, மிதிபடகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. நாலு வயதுக் குழந்தைக்கு முதல் படகு இதுவே போதும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஏறிய பிறகு கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். மிதிபடகில் எவ்வளவு மிதித்தாலும் படகு இருந்த இடத்திலேயே இருக்கும். முழங்கால்தான் வலிக்கும்.

மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஊட்டியும் கோடைக்கானலும் இருக்கவே இருக்கின்றன. இரண்டு ஏரிகளுமே இயற்கையாக அமைந்தவை அல்ல, வெள்ளைக்காரக் கலெக்டர்கள் கட்டுவித்தவை. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டி ஏரியை உண்டாக்கினார். மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் லெவிஞ்சு 1863-ல் கோடைக்கானலில் ஓடையைத் தடுத்து ஏரியாக்கினார். அதில் விட்ட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். அந்த நாளில் மலைப்பாதையில் ஒரு படகை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றால், அவர்களுக்குப் படகில் எத்தனை ஆசை இருந்திருக்க வேண்டும்!

இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் கோடைக்கானலைத்தான் சொல்வேன். ஊட்டியில் ஏரிக்கரையே திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிட்டது. கோடை ஏரி நட்சத்திர வடிவம். கை கையாக நீண்டு போகிறது. ஒரு வளைவைத் தாண்டினால் கரைச் சந்தடி காதில் விழாது. துடுப்புப் படகு ஒன்றை எடுத்து, பெரியவன் கையில் ஒரு துடுப்பைக் கொடுங்கள். இரண்டு கையும் ஒரே சீராக இழுக்காவிட்டால் படகு வட்டமடிக்கும் என்பதைப் பத்து நிமிஷத்தில் தானே கண்டுபிடித்துவிடுவான். மாமியார் படகுக்கு வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அவர் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். வாடகைப் படகுகளுக்குப் பெரும்பாலும் முன்பணம் வாங்குகிறார்கள். அரைமணி என்றால் அரைமணி. நேரம் கடந்தால் அதிலே பிடித்துக்கொள்வார்கள். சீட்டை வாங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குப் பிடிக்கக்கூடிய தண்ணீர் ஒன்று உண்டு. பிச்சாவரம்! சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்துவிட்டு சுமார் 15 கிலோமீட்டர் போனால் போதும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, உப்புத் தண்ணீரில் நிற்கும் காடு அது. சுரபுன்னை மரங்கள் கிளையிலிருந்து கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும். நடுநடுவே சந்து போன்ற வாய்க்கால்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு திரும்பிவிடும். காட்டுக்குள் போக வேண்டுமானால் துடுப்புப் படகுதான். அதையே கேட்டு வாங்குங்கள். தலைக்கு மேல் கிளைகள் கூடாரம் போட்டிருக்கும். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் சில காட்சிகள் இங்கே எடுத்தவைதான். பாட்டிமார்களுக்கு அது நினைவிருக்கும்.

தில்லை என்ற பெயரைச் சிதம்பரத்துக்குக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் காட்டு மரந்தான். ஸ்தல விருட்சமாயிற்றே என்று பக்தியோடு இலையைக் கிள்ளிவிடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். படகு கிளைகளை உரசிக்கொண்டு போகும்போது குழந்தைகளின் கை உள்ளேயே இருக்கட்டும்.

இதுவரை எழுதியது சுலபமான பங்கு. சகோதரி கேட்காத ஒன்றையும் எழுதவேண்டியிருக்கிறது.

2009 செப்டம்பர் 30-ந் தேதி மாலை தேக்கடியில், பெரியாறு ஏரியில், உல்லாசப் பிரயாணிகளோடு போன இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற மிருகங்களைப் பார்க்க ஜனங்கள் ஒரே பக்கமாக நகர்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011-ல் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். விடுமுறை தினமென்று உல்லாசமாக வந்தவர்கள். 2023 மே 7-ந் தேதி கேரளத்தில் தானூரில், பொழுது சாய்ந்த பிறகு அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகு கவிழ்ந்தது. அதிலும் 22 உயிர், குழந்தைகளே பலர். மூன்றும் புயலில் நடந்தவை அல்ல. மூன்றும் குழந்தைகளுக்குத் தின்பண்டம் கட்டிக்கொண்டு போகிற மாதிரியான பிரயாணங்கள்.

தாம்பாளத்தில் தேங்காயை ஒரே ஓரமாக அடுக்கித் தூக்கிப் பாருங்கள், என்ன ஆகிறதென்று. படகும் அப்படித்தான். மாடி வைத்த படகில் எல்லோரும் மாடியிலே ஏறிவிட்டால், தலையில் குடம் சுமப்பவள் சாய்ந்த கதைதான். "அதோ யானை!" என்று யாராவது கூவினால் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். யானை பெரியதுதான், தெரியும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். படகுத்துறையில் நடக்கும் நாடகம் நமக்குத் தெரியாததா? "பத்து நிமிஷம்தானே" என்பார் வீட்டுக்காரர். "யார் யாரோ போட்டுக் கழற்றியது, வேர்வை நாற்றம்" என்பார் மாமியார். புடவைக்கு மேலே அந்த ஆரஞ்சு மூட்டையைக் கட்டினால் போட்டோ நன்றாக இராதே என்று நமக்கே மனசில் ஒரு சபலம். போட்டோ நன்றாக இராதுதான், வாஸ்தவம். ஆனாலும் கட்டிக்கொள்ளுங்கள். தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிவிட்டு, அதற்கு மேலே ஜாக்கெட்டைப் போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். ஊட்டிக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டுமானால் அது ஜாக்கெட்டுக்கு உள்ளே. சால்வையை மேலே சுற்றாதீர்கள்.

குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டினால் பிரயோஜனமில்லை. கொக்கியெல்லாம் போட்ட பிறகு தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால், தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை நழுவிவிடும். சின்ன அளவு கேளுங்கள். கால்களுக்கு நடுவே பட்டை உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் விற்கிற காற்றடைத்த வளையம் இதற்கு ஈடாகாது.

சின்ன அளவு இல்லையா? படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகை இல்லையா? எழுதியதற்கு மேலே ஆட்களை ஏற்றுகிறார்களா? "நாங்கள் வரவில்லை" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். நாலு பேர் எதிரில் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். "பயந்தாங்கொள்ளி" என்று மைத்துனர் கேலி செய்வார், செய்யட்டும். சீட்டுக்குக் கொடுத்த பணம் போனாலும் போகட்டும். இதை அம்மாமார்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. ஆண்களுக்குப் படகோட்டியின் எதிரில் பயத்தை ஒப்புக்கொள்ள மனசு வராது. நீச்சல் தெரியும் என்கிற தைரியமும் வேண்டாம். உடுத்திய புடவையோடு நீந்திப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒருவேளை சிறு படகு கவிழ்ந்தே விட்டாலும், கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நீந்தக் கிளம்பாமல், மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நல்லது. உதவிக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது படகுதான்.

பெரியவன் ஒகேனக்கல் போகவேண்டுமென்று அடம் பிடிப்பதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாகப் பின்னி, அடியிலே முன்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய பரிசல். பாறைச் சுவர்களுக்கு நடுவே அருவியின் சாரல் முகத்தில் அடிக்கப் போவது வேறெங்கும் கிடைக்காத அனுபவந்தான். பரிசல்காரர் வேடிக்கைக்காகப் பம்பரம் போல் சுற்றுவார். தலை சுற்றுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் காவிரியின் வேகமே வேறு. அப்போது பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு போவதாக இருந்தால், கிளம்புகிற அன்று காலைப் பத்திரிகையில் நீர்வரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னவளைப் பரிசலில் ஏற்ற வேண்டாம். பாட்டியும் பேத்தியுமாகக் கரையில் உட்கார்ந்து பொரித்த மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். சைவ வீடானால் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். வெள்ளரிக்காய் விற்பவர்கள் அங்கேயும் வருவார்கள்.